அந்த நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

முன்விடுதலை ஆலோசனைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எந்த மனுவைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தண்டனை முடியும் முன்பே விடுவிக்கக் கேட்டு, சென்ற அமர்வில் நீங்கள் தள்ளுபடி செய்த ஆயுள் கைதியின் மனு. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கும் சரி, அவரால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் சரி, அது தேவையில்லாத வலி. கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. சட்டம் கேட்கும் 14 ஆண்டுகள் முடிந்துவிட்டன. உள்ளே ஒரு தகராறு கிடையாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை சாதகமாக இருக்கிறது. வீட்டார் அழைத்துக்கொள்ளத் தயார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் காட்டிய காரணம் ஒன்றே ஒன்று: செய்த குற்றத்துக்கு இவர் மனம் வருந்தவில்லை, மாறாகத் தன் செயலை நியாயப்படுத்தி எழுதி வைத்திருக்கிறார்.

எழுதி வைத்திருக்கிறார் என்பது உண்மை. எங்கே எழுதினார் என்பதை மட்டும் உங்கள் உத்தரவு சொல்லவில்லை. நீங்கள் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அல்ல. நேர்காணலிலும் அல்ல. கொட்டடிச் சோதனையில் அவருடைய படுக்கைக்கு அடியிலிருந்து எடுத்த அவருடைய சொந்த நோட்டில்.

அந்த நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்த மடலின் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்தச் சிறையில் வாரம் ஒரு நாள் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். இவர் வகுப்புக்கு வரும்போது தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, செய்தித்தாள் படித்து, பிறகு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வந்தார். தினமும் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்காக எழுதுங்கள் என்று சொன்னவன் நான்தான். அதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை. வேண்டுமானால் என் பெயரிலும் 'மனம் வருந்தவில்லை' என்று ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லியும் எனக்கு மட்டும் அவ்வப்போது காட்டுவார். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக. அதனால் நோட்டைப் பார்த்து உங்கள் குழுவுக்குத் தயாரித்த அறிக்கை எடுத்துக்காட்டிய வரிகள் எனக்குத் தெரியும். "அவன் கையை ஓங்காமல் இருந்திருந்தால் நானும் ஓங்கியிருக்க மாட்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்." இதை அவர்தான் எழுதினார். கோபமாக, பேனா முனை தாளை அழுத்தும்படி எழுதினார்.

நாலைந்து பக்கம் தள்ளிப் புரட்டியிருந்தால் அதே இரவு மறுபடியும் வரும். அங்கே 'ஓங்கினான்' என்று எழுதி அடித்திருக்கிறார். மறுபடி எழுதி மறுபடி அடித்திருக்கிறார். மூன்றாவது இடத்தில் அடித்த அடியில் தாள் கிழிந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "ஓங்கினானா, மறைக்கத் தூக்கினானா?"

ஒரு மனிதன் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்வது இப்படித்தான் இருக்கும். அரசு வழக்கறிஞர் கேட்காத கேள்வி அது. நான் படித்த தீர்ப்பிலும் இல்லை. இத்தனை ஆண்டு உள்ளே இருந்து, எழுதப் படிக்கக் கற்று, யாரும் பார்க்காத ஒரு தாளில் அவர் தாமாகவே அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார். உங்களுக்கு அறிக்கை தயாரித்தவர் முதல் வரியை எடுத்துக்கொண்டு நோட்டை மூடிவிட்டார்.

தள்ளுபடி உத்தரவு வந்த வாரம் வகுப்பில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "எழுதுனது நாந்தான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா அடுத்த பக்கத்த யாருமே பாக்கலயே." அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இப்போதும் வகுப்புக்குத் தவறாமல் வருகிறார். பேனா கொடுத்தால் தாளின் மேலே தேதியை எழுதுகிறார். கீழே ஒன்றும் எழுதுவதில்லை. எழுதுங்கள் என்றால், "எதுக்கு சார், அப்புறம் அதையும் படிப்பாங்க" என்கிறார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் படிப்பீர்கள்.

ஐயா, அம்மா, ஒன்றை யோசித்துப் பாருங்கள். சிறை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் முறைப்படி எடுத்துக்கொள்கிறது. எப்போது எழ வேண்டும், எப்போது லாக்கப், யாரை எவ்வளவு நேரம் பார்க்கலாம், எல்லாம் மணியடித்துத்தான். அது தண்டனையின் பகுதி, நான் கேள்வி கேட்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே இடம். தன்னைப் பற்றித் தான் என்ன நினைப்பது என்ற இடம். அங்கே அவர் பொய் சொல்லலாம், சாக்குச் சொல்லலாம், பிறகு வெட்கப்படலாம், சொன்னதைத் திரும்பப் பெறலாம். நோட்டைப் பிடுங்கி அறிக்கையில் ஒட்டிய அன்றே அந்த இடத்துக்கும் பூட்டுப் போட்டுவிட்டீர்கள். மனச்சுதந்திரம் பற்றிய பொன்மொழிகளைச் சிறைச் சுவரில் பெயிண்ட் அடித்து எழுதி வைத்திருக்கும் துறைக்கு இது அழகல்ல.

நியாயப்படுத்துதல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் உத்தரவே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. 1957-ல் சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள், தவறு செய்தவர்கள் சொல்லும் சாக்குகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். என் பொறுப்பு இல்லை என்பது, பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பது, அவனுக்கு அது வேண்டியதுதான் என்பது, குறை சொல்பவர்கள் மட்டும் யோக்கியமா என்பது, பெரிய காரியத்துக்காகச் செய்தேன் என்பது. குற்றவியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பட்டியல். அவர்கள் சொன்ன இன்னொன்றைத்தான் அதிகம் பேர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சாக்குத் தேடுகிறவன், செய்தது தப்பு என்ற ஊர் நியாயத்தை உள்ளுக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறான், அதனால்தான் அவனுக்குச் சாக்கே தேவைப்படுகிறது என்றார்கள். உறுத்தல் இல்லாதவனுக்குச் சாக்கு எதற்கு?

அந்த ஐந்தையும் நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. நோட்டைத் திருப்பித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டபோது வரிசையாக நேரிலேயே கேட்டேன். மேலே இருந்து வந்த உத்தரவு, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார் ஒருவர். ஒரு பழைய நோட்டுதானே சார், போனால் போகிறது என்றார் பக்கத்தில் இருந்தவர். கொலை செய்தவனுக்கு டைரி ஒரு கேடா என்று ஒரு குரல் வந்தது. உங்களைப் போலத் தன்னார்வலர்கள் உள்ளே வந்துதான் இவர்களைக் கெடுக்கிறீர்கள் என்று எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கடைசியாகச் சிறையின் பாதுகாப்பு. இதையெல்லாம் வைத்து அந்த அலுவலர்கள் மனம் வருந்தாத ஜென்மங்கள் என்று நான் அறிக்கை எழுதினால் நன்றாக இருக்குமா? எழுதமாட்டேன். மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள். வீட்டுக்குப் போய் இரவு படுக்கும்போது யாராவது ஒருவருக்காவது உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலை நான் போய்ச் சோதனை போட முடியாது, போடவும் கூடாது. அதே மரியாதையைத்தான் உள்ளே இருப்பவருக்கும் கேட்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு மேற்கு வங்க வழக்கு ஒன்றில், முன்விடுதலைக்கு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குற்றம் சமூகத்தையே பாதிக்கும் வகையா, தனிப்பட்டதா? மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் திறன் போய்விட்டதா? இனியும் அடைத்து வைப்பதில் ஏதாவது பயன் உண்டா? குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? இவ்வளவுதான். இதில் எந்த இடத்திலும் படுக்கைக்கு அடியில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்ற கேள்வி இல்லை. மாநில விதிகள் கூடுதலாகச் சிலவற்றைச் சேர்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஐந்துக்கும் உங்கள் உத்தரவில் ஒரு வரி பதில்கூட இல்லையே?

கைதி எழுதுவது கைதியுடையது என்பதும் புதிய விஷயமல்ல. 1965-ல் பம்பாய்ச் சிறையில் காவலில் இருந்த ஒருவர் அணு இயற்பியல் பற்றி மராத்தியில் எழுதிய நூலை வெளியே அனுப்ப அரசு அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1994-ல் நம் மாநிலத்திலேயே நடந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். முன்கூட்டியே தடை போட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஒருவர் ஊரே படிக்க எழுதியதைக்கூடத் தடுக்க முடியாத இடத்தில், யாருமே படிக்கக் கூடாது என்று இன்னொருவர் எழுதியதை எடுத்து அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். கைதிகளை நடத்துவதற்காக ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 51-ஆவது விதி, சோதனை என்பது கைதியைத் துன்புறுத்தவோ மிரட்டவோ அவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடவோ பயன்படக் கூடாது என்கிறது. சோதனைக்குப் பதிவேடு வேண்டும் என்றும் சொல்கிறது. இவர் ரசீது கேட்டார். கிடைக்கவில்லை.

மண்டேலா என்று பெயர் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் தென்னாப்பிரிக்க அதிபர் போத்தா, வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்றார். மண்டேலா மறுத்தார். சிறையில் இருப்பவன் ஒப்பந்தம் பேச முடியாது, சுதந்திரமாக இருப்பவன்தான் பேச முடியும் என்று மகள் மூலம் பதில் அனுப்பினார். நாம் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். 1922 மார்ச் 18 அன்று ஆமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி, என்னை விட்டால் திரும்பவும் இதையேதான் செய்வேன் என்று நீதிபதியிடமே சொன்னார். ஆறு ஆண்டு தண்டனை. குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகூட முடியாத நிலையில், 1924 பிப்ரவரியில் விடுவித்தார்கள். மனம் வருந்தினாரா என்று கேட்கவில்லை போலிருக்கிறது. உங்கள் குழு அன்று இருந்திருந்தால் "தன் செயலை நியாயப்படுத்துகிறார், மனு நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி முத்திரை குத்தியிருப்பீர்கள். பெரிய கைதி உள்ளே உறுதியாக இருந்தால் நாம் அதற்கு மன உறுதி என்று பெயர் வைக்கிறோம். சாதாரணக் கைதி தன்னைப் பற்றி ஒரு வரி தன் பக்கமாக எழுதினால் திமிர்.

சரி, விட்டுவிடுகிறேன். அவர்கள் அரசியல் கைதிகள், இவர் கொலை வழக்குக் கைதி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, இவரும் சொன்னதில்லை. ஓர் உயிர் போயிருக்கிறது. அந்த வீட்டில் இன்றும் யாராவது அந்த இரவை நினைத்துத் தூக்கம் இல்லாமல் இருப்பார்கள். அவர்களுக்கு இவர் மனம் வருந்த வேண்டும், நிச்சயமாக. அந்த வருத்தம் அவர்களுக்குப் பட்ட கடன். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணமாக அதைக் குழு வசூலிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதையும் நான் உள்ளே பார்க்கிறேன். குழு முன்னால் எப்படி நிற்பது, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், எப்போது கண்ணைத் துடைத்துக்கொள்வது என்று பிளாக்கில் ஒத்திகையே நடக்கிறது. ஏற்கெனவே போய் வந்தவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நன்றாக நடிக்கத் தெரிந்தவருக்கு நல்ல பெயர். வார்த்தைக்குத் திணறுபவர், உண்மையிலேயே தனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர், உங்கள் கேள்விக்கு மூன்று நிமிடம் பேசாமல் நிற்பவர், தோற்றுப்போகிறார். செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருப்பவர் ஒருவர் இருந்தால் அவர் கதி இன்னும் மோசம். உண்மையைச் சொன்னால் கதவு திறக்காது, திறக்க வேண்டுமானால் பொய் சொல்ல வேண்டும்.

வாயால் ஒப்புக்கொள்வதற்கும் பிற்கால நடத்தைக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இருக்கிறதா என்பதும் சந்தேகம்தான். பாலியல் குற்றத் தண்டனை பெற்றவர்களைப் பற்றிய 61 ஆய்வுகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஹான்சனும் புஸியேரும் 1998-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குற்றத்தை மறுப்பவர் மறுபடி செய்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்த தொடர்பு அங்கே தென்படவில்லை. அது வேறு வகைக் குற்றம், இந்த வழக்குக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரின் மொத்த வாழ்க்கையையும் அந்த ஒரே அளவுகோலில் தொங்கவிடுமுன் ஒரு நிமிடம் நிதானிக்க இது போதாதா?

வருத்தத்தை வரவழைக்கும் முயற்சி புதிதும் அல்ல. 1829-ல் பிலடெல்பியாவில் அதற்கென்றே ஒரு பெரிய சிறையைத் திறந்தார்கள். நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். ஆளுக்கு ஒரு அறை, பேச்சுத் துணை கிடையாது, வெளியே கூட்டிப் போகும்போது முகத்தை மூடி ஒரு துணி. தனியாக உட்கார்ந்து யோசித்தால் பாவத்தை உணர்ந்து திருந்திவிடுவான் என்று நம்பினார்கள். 1842-ல் அங்கே போய்ப் பார்த்த எழுத்தாளர் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இது கொடுமை என்று எழுதினார். இப்படித் தனிமையில் வைக்கப்பட்டவர்களில் பலருக்குச் சித்தம் கலங்கியதையும், சிலர் தற்கொலை செய்துகொண்டதையும் 1890-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. நீங்கள் முகத்தை மூடவில்லை, அது பெரிய முன்னேற்றம். ஆனால் மனம் இப்படித்தான் திரும்ப வேண்டும், இந்த வேகத்தில் திரும்ப வேண்டும், திரும்பியதை இந்தப் படிவத்தில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்படியேதான் இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை சுலபமானதல்ல என்பது தெரியும். நாளைக்கு வெளியே போனவர் ஏதாவது செய்துவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பார்க்க வேண்டியது நடத்தையை. இத்தனை ஆண்டில் யாரிடம் கை நீட்டினார், பரோலில் போய்க் குறித்த நேரத்தில் திரும்பினாரா, எந்த வேலையை ஒழுங்காகச் செய்தார், யாருக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், இதெல்லாம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. நோட்டில் தப்பிக்கும் திட்டமோ, யாரையாவது மிரட்டும் வரியோ இருந்திருந்தால் எடுத்ததில் எனக்குப் பேச்சே இல்லை. அப்படி ஒன்றும் இல்லை என்பது அதை எடுத்தவர்களுக்கே தெரியும்.

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதலில் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பக்கத்தையும் கிழிக்காமல், நகல் எடுத்திருந்தால் அந்த நகலையும் சேர்த்து. அந்த நோட்டிலிருந்து எடுத்த வரிகளை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, மனுவை அடுத்த அமர்விலேயே மறுபரிசீலனைக்கு எடுங்கள். விடுதலை செய்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். இனிமேல் எந்தக் கைதியும் தனக்காக எழுதிக்கொள்வதை அவர் மனத்தை அளக்கும் கருவியாகப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு வரி சுற்றறிக்கையும் அனுப்புங்கள். பாதுகாப்புக் காரணம் இருந்தால் விதிவிலக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடுக்கும்போது காரணத்தை எழுதி, ரசீது கொடுத்து எடுக்கட்டும்.

மறுபரிசீலனை மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக முறைப்படி அனுப்பியாகிவிட்டது. அவர் கையெழுத்திட்ட ஒப்புகை என்னிடம் இருக்கிறது. மனுவுக்கு நாளாகும் என்றால் ஆகட்டும். நோட்டுக்கு அமர்வு கூட வேண்டியதில்லை, ஒரு அலுவலர் எடுத்துக் கொடுத்தால் போதும். என்னிடம் தர வேண்டாம், நான் அதை வாங்க வேண்டிய ஆளும் இல்லை. அவருடைய பிளாக்குக்கே அனுப்பி, அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அவருக்கு நன்றாகவே எழுத வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறை வாசிப்பு வகுப்பின் தன்னார்வ ஆசிரியர்